பெறப்பட்டது

ஒரு பக்கம் போதும் என்கிறாள் என் மகள் லோரா. கால்வாய் ஓரத்துச் சைக்கிள் பாதைக்கு டாக்டர் ஏமீல் ரொம்பௌட்ஸின் பெயரை வைக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை மேயர் வந்து பலகையின் திரையை விலக்குவார். ஊர் வாத்தியக்காரர்கள் ஊதுவார்கள், ஆளுக்கொரு பியர் கொடுப்பார்கள். நடுவில் நான் ஒலிபெருக்கி முன்னால் நின்று டாக்டரின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் வாசிக்க வேண்டுமாம். இருபத்தேழு வருஷம் அவரிடம் வேலை பார்த்தவளாயிற்றே, வேறு யார் எழுதுவது என்று கேட்கிறாள். இதே மேயரின் கட்சிக்காரர்கள்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதரின் கார் சக்கரத்தைக் கிழித்தவர்களோடு தோளில் கைபோட்டுத் திரிந்தார்கள். செத்துப்போனால் எல்லோரும் நல்லவர்தான்.

எழுத எனக்கென்ன கஷ்டம்? பிறந்த வருஷம், படித்த படிப்பு, நடத்திய போராட்டம் எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. ஆனால் லோரா ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். "முட்டையில் விஷம் இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே ஊரைக் கூட்டிச் சொன்னார்." அந்த வரிக்காகத்தான் இந்தப் பாதையே என்கிறாள். நான்கு நாளாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வரி பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் கல்லறையில் இருக்கிறார், இன்னொருத்தி நான்.

அவர் எங்கள் ஊர் எல்சன்டாங்குக்கு வந்தது 1986இல். முப்பது வயது. ஒரு பழைய காரும் இரண்டு பெட்டிப் புத்தகமும்தான் சொத்து. நான் அப்போது லோராவைப் பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. தொலைபேசி எடுக்க, தபால் பார்க்க, முறை குறித்துக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ரொட்டிக்கடையில் எழுதி ஒட்டியிருந்தார், நான் போய்ச் சேர்ந்தேன். நல்ல டாக்டர். அதில் மாற்றுக்கருத்தே கிடையாது. எந்த மழையிலும் வீட்டுக்கு வருவார், அடுப்பங்கரையில் உட்கார்ந்து எவ்வளவு மோசமான காபியையும் மிச்சம் வைக்காமல் குடிப்பார், கிழவர்களின் கால் நகத்தைக்கூட வெட்டிவிட்டுப் போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊரில் பத்துக் கதை சொல்வார்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு ரப்பர் முத்திரையைக் கையில் கொடுத்தார். தபால் காலை எட்டரைக்கு வரும். ஒவ்வொரு உறையையும் நான் பிரிக்க வேண்டும், தாளின் வலது மூலையில் முத்திரை குத்த வேண்டும். 'பெறப்பட்டது', அதற்குக் கீழே தேதி, அதற்குக் கீழே என் பெயரின் முதல் எழுத்து. கோலெட்டுக்கு ஒரு 'கோ', அதற்கு ஒரு வால். எந்தக் காகிதமும் எப்போது கைக்கு வந்தது என்று தெரியாவிட்டால் அது குப்பைக் காகிதம் என்பார். ரத்தப் பரிசோதனை, மின்சாரக் கட்டணம், அவருடைய அக்காவின் கிறிஸ்துமஸ் வாழ்த்து, எல்லாவற்றுக்கும் குத்தினேன். கை தானாகவே குத்தும்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஆலை. பழைய கார்களை அரைப்பார்கள், கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்பார்கள். முந்நூறு பேருக்கு அதுதான் சோறு. என் கணவர் ரெனே அங்கே முப்பது வருஷம் கிரேன் ஓட்டினார். 2006இல் நுரையீரலில் கட்டி என்றார்கள், ஏழு வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அவரைப் புதைத்த மறுவாரம் டாக்டர் தன் அறைச் சுவரில் ஊர் வரைபடம் ஒன்றை மாட்டினார். எந்தத் தெருவில் யாருக்குப் புற்று வந்ததோ அங்கே ஒரு சிவப்பு ஊசி. முதல் ஊசி ரெனேக்கு. ஒரு வருஷத்தில் காற்று அடிக்கும் திசையில் இருக்கிற மூன்று தெருவும் சிவந்துபோயின.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பாதி டாக்டர், பாதி வேறு ஏதோ. வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை ஆலை வேலியில் ஒரு வாரம் காயப்போட்டு, கறுத்துப்போனதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் நகராட்சிக் கூட்டத்தில் மேசைமேல் விரித்தார். பேராசிரியர்களுக்கு எழுதினார், மந்திரிக்கு எழுதினார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை வாசலில் பதாகை பிடித்துத் தனியாக நின்றார். ஆலையில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு பக்கத்து ஊர் டாக்டரிடம் போனார்கள். எங்கள் கடிதப்பெட்டியில் ஒருநாள் பன்றிச் சாணம் கிடந்தது. அதற்கு மட்டும் நான் முத்திரை குத்தவில்லை.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில்தான் கோழி வந்தது. கோழி அவருடைய யோசனை. பலகையில் அதையும் எழுதட்டுமே! 2009இல் நகராட்சிக்குக் குப்பை அள்ளிக் கட்டுப்படியாகவில்லை. சுற்றுச்சூழல் குழுவுக்கு அப்போது டாக்டர்தான் தலைவர். வீட்டுக்கு மூன்று கோழி கொடுப்போம், மிச்சம் மீதியெல்லாம் அது தின்னும், குப்பை குறையும், பிள்ளைகளுக்கு முட்டையும் கிடைக்கும் என்றார். ஒப்பந்தம்கூட உண்டு. இரண்டு வருஷத்துக்குக் கோழியை அடித்துச் சாப்பிட மாட்டேன் என்று ஒவ்வொரு வீடும் கையெழுத்துப் போட்டது, கீழே மேயரும் டாக்டரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆலையை எதிர்த்ததற்காக அவரிடம் முகம் கொடுக்காத வீடுகள்கூட வரிசையில் நின்று கோழி வாங்கின. கர்ப்பிணிகள் வந்தால் மருந்துச்சீட்டிலேயே எழுதுவார்: 'வீட்டு முட்டை, தினம் ஒன்று.' அந்தச் சீட்டை மருந்துக்கடையில் நீட்டிய அப்பாவிப் பெண்களும் இருந்தார்கள். முட்டை டாக்டர் என்று ஊர் பிரியமாகக் கூப்பிட்டது அப்போதுதான்.

நானும் மூன்று வாங்கினேன். மூன்றுக்கும் என் நாத்தனார்களின் பெயர் வைத்தேன், மூன்றும் ஓயாமல் கத்தின. எங்கள் வீட்டுத் தோட்டம் கால்வாயை ஒட்டி இருக்கிறது. வாரத்துக்குப் பதினைந்து முட்டைக்குக் குறையாது. வெள்ளிக்கிழமைதோறும் ஆறு முட்டையை ஒரு துணியில் சுற்றி டாக்டரின் சமையலறை மேசையில் வைப்பேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "தங்கம் கோலெட், தங்கம்" என்பார். தனியாக இருக்கிற மனிதர், நான் கொடுத்தால்தானே நல்லதாக நாலு வாய் சாப்பிடுவார் என்று எனக்கு ஒரு பெருமை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

2012 பிப்ரவரியில் லோரா உண்டானாள். முதல் பிள்ளை. வாந்தி, மசக்கை, எதுவும் உள்ளே தங்கவில்லை, என் கோழி முட்டையைத் தவிர. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஒருநாள் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன், உங்கள் மருந்துச்சீட்டை என் மகள் இரண்டு மடங்காகச் சாப்பிடுகிறாள் என்று. பேனாவைக் கீழே வைத்தார். சன்னலைப் பார்த்தார்.

"முட்டையக் கொஞ்சம் குறைச்சுக்கட்டும். கொலஸ்ட்ரால்" என்றார்.

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குக் கொலஸ்ட்ராலா! வீட்டுக்குப் போய் லோராவிடம் சொன்னேன், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். டாக்டருக்கு வயதாகிறது என்றாள். அன்று ராத்திரி அவள் மூன்று முட்டை சாப்பிட்டாள்.

நவம்பரில் யுட்டா பிறந்தாள். நான்கு கிலோ. லோரா தாய்ப்பால்தான் கொடுத்தாள், பால் ஊற வேண்டும் என்று நான் இன்னும் முட்டை கொண்டுபோனேன்.

2013 மார்ச்சில் டாக்டர் ஊரைத் தேவாலயத்துக் கூடத்துக்கு வரச் சொன்னார். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். லோராவும் குழந்தையோடு வந்தாள். பதினெட்டு வீட்டு முட்டைகளை ஹாலந்தில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார். டையாக்சின் என்ற விஷம், கம்பி எரிக்கிற புகையில் வந்து மண்ணில் இறங்கியிருக்கிறது, கோழி மண்ணைக் கிளறித் தின்கிறது, அது முட்டையில் வருகிறது, முட்டையைத் தின்றவர்களின் கொழுப்பில் தங்குகிறது, தாய்ப்பாலிலும் போகிறது என்றார். இன்றிலிருந்து ஒரு முட்டைகூடத் தின்னாதீர்கள் என்றார். லோரா மடியிலிருந்த குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் வாயிலிருந்து மார்பை மெதுவாக விடுவித்துச் சட்டைப் பொத்தானைப் போட்டாள். குழந்தை அழுதது. அந்த அழுகை இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து கோழிகளைப் பெட்டியில் அடைத்து எடுத்துப்போனார்கள். லோராவின் பாலையும் சோதித்தார்கள். ஊரிலேயே அவள் அளவுதான் அதிகம். ஆனால் அவள் உடைந்துபோகவில்லை, கோபப்பட்டாள். டாக்டரின் அறைக்கு வந்து, என்ன செய்ய வேண்டுமோ சொல்லுங்கள், செய்கிறேன் என்றாள். அன்றிலிருந்து அவருடைய வலது கை அவள்தான். துண்டறிக்கை அடித்தாள், வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஆலையின் உரிமம் அந்த வருஷம் அக்டோபரில் முடிகிறது, இருபது வருஷத்துக்கு நீட்டிக்கக் கேட்டிருந்தார்கள். அது நடக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய மூச்சு, பேச்சு எல்லாம். டாக்டர் ஒருவர்தான் நமக்கு உண்மையைச் சொன்னார் என்று எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆகஸ்டில் உரிம விசாரணைக்காகக் கோப்புகளை நகல் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பழைய வரித்தாள்களுக்கு நடுவில் ஹாலந்து ஆய்வகத்தின் ஒற்றைத் தாள் ஒன்று இருந்தது. 'கோழி முட்டை, 6.' இரண்டரைக்கு மேல் இருக்கக் கூடாத இடத்தில் இருபத்தொன்று. கால்வாய்த் தெரு என்று ஓரத்தில் டாக்டர் பென்சிலால் எழுதியிருந்தார். கால்வாய்த் தெருவில் கோழி வளர்த்தவள் நான் ஒருத்திதான். வலது மூலையில் முத்திரை. பெறப்பட்டது, 17 ஜனவரி 2012. ஊருக்குச் சொன்னதற்குப் பதினாலு மாதம் முந்தி. லோரா உண்டாவதற்கு முந்தி.

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். உள்ளே நோயாளி இருந்தார், வெளியே அனுப்பினேன். இருபத்தேழு வருஷத்தில் நான் செய்யாத காரியம் அது. டாக்டர் தாளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஒரு வீட்டு முட்டைய வச்சுக்கிட்டு ஒரு ஆலைய மூட முடியாது கோலெட். கோழி எதையோ தின்னுச்சும்பாங்க, ஆய்வகம் தப்பும்பாங்க. மூணு பருவம், பதினெட்டு வீடு வேணும். நடுவுல ஊருக்குத் தெரிஞ்சா கோழியெல்லாம் ஒரே நாள்ல காணாமப் போயிடும். அப்புறம் சோதிக்க என்ன இருக்கு?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே டாக்டர்."

"சொல்லியிருந்தா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. யாருக்கு மேகநோய், யார் பிள்ளை யாருடையது, எந்தப் பாதிரியார் எதற்கு ஊசி போட்டுக்கொண்டார், எல்லாம் எனக்குத் தெரியும். என் சொந்தக் கணவரிடம்கூட ஒரு வார்த்தை விட்டதில்லை. ரெனேக்கு இன்னும் ஏழு வாரம்தான் என்று அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும், அதைக்கூட அடக்கிக்கொண்டு அவருக்கு சூப் ஊற்றினேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து ஊர்வாய் என்கிறார். நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். என் மகளை ஆய்வகத்துக் கோழியாக்கிவிட்டீர்கள் என்றும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"கொலஸ்ட்ரால்னு சொன்னேனே" என்றார், பையன் மாதிரி.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். இந்தத் தாள் வெளியே வந்தால் ஆலை வக்கீலுக்குக் கொண்டாட்டம். டாக்டர் தன் உதவியாளரின் கர்ப்பிணி மகளையே சாப்பிட விட்டிருக்கிறார், ஆபத்தானது என்று அவரே நம்பவில்லை, அப்புறம் எதற்கு ஆலையை மூட வேண்டும் என்று கேட்பான். உரிமம் கிடைத்துவிடும். நான் தாளை மடித்து என் கைப்பையில் வைத்தேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை.

அக்டோபரில் விசாரணை. நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் லோரா, அவள் மடியில் யுட்டா. ஆலை வக்கீல் நல்ல உயரம், நல்ல குரல், வெண்ணெய் வெட்டுகிற மாதிரி பேசினான். இந்தச் சோதனை முடிவு உங்களுக்கு முதன்முதலில் எப்போது தெரியும் என்று டாக்டரைக் கேட்டான். இந்த வருஷம் மார்ச் மாதம், கூட்டத்துக்கு முந்தின நாள் என்றார் டாக்டர். அதற்கு முன் எதுவும் வரவில்லையா என்றான். இல்லை என்றார். வக்கீல் விடவில்லை. அங்கே தபால் பார்ப்பது யார் என்று விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான் போல. என் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்கம்மா. அதுக்கு முந்தி முட்டை சம்பந்தமா ஏதாவது காகிதம் வந்துச்சா?"

தாள் என் கைப்பையில், என் முழங்காலின் மேல் இருந்தது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. லோரா பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், தைரியமாகச் சொல் என்கிற மாதிரி.

"இல்ல" என்றேன்.

உரிமம் மறுக்கப்பட்டது. ஊரே தெருவில் இறங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்குள் புகுந்து லோரா டாக்டரிடம் போய் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீங்கள் மட்டும் அன்றைக்கே சொல்லியிராவிட்டால் என் பிள்ளை இன்னும் எவ்வளவு நாள் அந்தப் பாலைக் குடித்திருக்குமோ என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். நான் அந்த மாதமே வேலையை விட்டேன். கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன்.

யுட்டாவுக்கு ஆறு வயதில் கடைவாய்ப் பற்கள் முளைத்தபோது பழுப்பாக, சுண்ணாம்பு மாதிரி உதிர்கிற பற்களாக முளைத்தன. இதனால்தான் என்று எந்தப் பல் டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. இதனால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இப்போது பதினொரு வயது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.

டாக்டர் 2021இல் போனார், கணையத்தில் புற்று. கடைசி வாரத்தில் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். எட்டு வருஷமாகத் தெருவில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, அதற்கு மேல் பேச்சில்லை. போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். நலம் விசாரித்தேன், ஒப்புக்குத்தான். அவர் நேராக அந்தத் தாளைப் பற்றிக் கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்றேன்.

"சமயம் வரும்போது லோராகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

சாகும்போதும் எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போனார். தானே சொல்லியிருக்கலாம், லோரா தினமும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதுவரை எழுதியது நேற்றைக்கு முன்னால். நேற்று, செவ்வாய்க்கிழமை, லோரா அந்த ஒரு பக்கத்தை வாங்கிப்போக வந்தாள். யுட்டாவும் வந்திருந்தாள், தோட்டத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை என்றேன். ஏன் என்றாள். அலமாரியில் மேசைவிரிப்புகளுக்கு அடியில் இருந்த தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பத்து வருஷமாக எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. வாசி என்று மட்டும் சொன்னேன்.

அவள் வாசித்தாள். வேகமாகப் படிக்கிறவள், அன்று ஒரு பக்கத்துக்கு அரைமணி எடுத்தாள். டாக்டரைத் திட்டுவாள், அழுவாள், பலகையை உடைக்கப் போவாள், நான் பிடித்து நிறுத்த வேண்டும் என்றெல்லாம் தயாராக இருந்தேன். அவள் விரல் மெதுவாகத் தாளின் வலது மூலைக்குப் போய் நின்றது.

"இது உன் கையெழுத்தும்மா."

ஆமாம் என்றேன். எல்லாத் தபாலுக்கும் குத்துவதுதான் என்றேன். ஒரு நாளைக்கு நாற்பது தாள், எதையும் நான் படிப்பதில்லை என்றேன்.

"கோழி முட்டை, ஆறுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இதையுமா படிக்கல?"

இந்தக் கேள்வியை டாக்டர் என்னைக் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம், என் வாயை ஒரே நிமிஷத்தில் அடைத்திருக்கலாம், கேட்கவில்லை. அந்த மரியாதையையும் எழுதியாக வேண்டும். வக்கீல் கேட்டான், பொய் சொன்னேன். என் மகளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

படித்தேன். அன்று காலை எட்டரை மணிக்கே படித்தேன். முட்டை, ஆறு என்று பார்த்ததும் புரிந்துவிட்டது, நான் வெள்ளிக்கிழமை கொண்டுபோய் வைத்த ஆறு. அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, அது சத்தியம். எனக்கு வந்ததெல்லாம் ஒரே எண்ணம். மனுஷன் என் முட்டையைத் தின்னவே இல்லை, தங்கம் தங்கம் என்று சொல்லிவிட்டு எவனுக்கோ பார்சல் அனுப்பியிருக்கிறார். பொசுக்கென்று கோபம் வந்தது. இது என்ன டாக்டர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் மனம் நொந்தது அவருக்குத் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. முத்திரையைக் குத்தினேன், மற்ற தாள்களுக்கு நடுவில் செருகினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வீம்புக்கு ஆறு முட்டைக்குப் பதில் எட்டு வைத்தேன், அவருக்கு உறுத்தட்டும் என்று. பிறகு மறந்தே போனேன். இரண்டு மாதம் கழித்து லோரா வாந்தி எடுக்கத் தொடங்கினாள்.

இவ்வளவையும் சொன்னேன். லோரா என்னைப் பார்க்கவில்லை, சன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டடி, ஏதாவது சொல்லடி என்றேன். அவள் தாளை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், தன் பையில் வைத்து இழுத்து மூடினாள்.

"அடுத்த மாசம் அந்த ஆலை இடத்த வாங்கினவங்க புது உரிமத்துக்கு வர்றாங்கம்மா. இது இப்ப வெளிய வரக் கூடாது. அந்த வரி இருக்கட்டும். சனிக்கிழமை நானே வாசிச்சுக்கறேன், நீ வர வேணாம்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் பேசிய மாதிரியே பேசினாள். எட்டு வருஷம் அவர் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொண்டவள்தானே.

"யுட்டாகிட்ட?" என்றேன்.

"சமயம் வரும்போது சொல்லிக்கலாம்" என்றாள்.

தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கூப்பிட்டாள். யுட்டா ஓடிவந்து எனக்கு முத்தம் கொடுத்தாள், இரண்டு பேரும் சைக்கிளில் ஏறிப் போனார்கள். சமையலறைக்கு வந்து, சனிக்கிழமை யாரும் வாசிக்கப்போகாத, நான் எழுதிக்கொண்டிருக்கிற இந்தக் காகிதத்தை எடுத்தேன். லோரா தாளை வாங்கிக்கொண்ட தேதியை வலது மூலையில் குறித்தேன். 14 மே 2024. கீழே ஒரு 'கோ', அதற்கு ஒரு வால். என்றைக்காவது யுட்டா கேட்பாள், அம்மாவுக்கு எப்போது தெரியும் என்று.